வஜ்ரனின் இடது முழங்கால்

பிளேடின் நுனி தையலுக்கு அடியில் நுழைந்து நூலை மட்டும் அறுத்தது. துணியில் கீறல் விழவில்லை. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு துண்டுகளை விலக்கிப் பிடித்திருக்க, வலது கை சற்றுத் தள்ளி இன்னொரு தையலுக்குப் போனது. எல்லாத் தையலையும் அறுக்க வேண்டியதில்லை. இடைவெளி விட்டு அறுத்தால் மீதி நூல் இழுத்ததும் வந்துவிடும். அறுந்த நூல்கள் மேசை ஓரத்தில் உருண்டையாகச் சேர்ந்தன. தோள், விலா, இடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து, கடைசியில் இரண்டு கால்களும் மேசைமேல் தட்டையாகக் கிடந்தன. கைகள் அவற்றை அருகருகே வைத்துத் தடவிப் பார்த்தன. இடது முழங்காலில் மேல்பூச்சு உரிந்து, அடியிலிருந்த வெள்ளை வலைத்துணி தெரிந்தது. வலது முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. கடையிலிருந்து போனபோது இருந்த பளபளப்பு அப்படியே இருந்தது.

கைகள் அந்த இரண்டு துண்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்தன.

லாரி சீட்டுக்கு உறை தைப்பவர்கள் தேய்மானத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஜன்னல் பக்கம் சாய்ந்து ஓட்டுகிறவரின் சீட்டில் வலது ஓரம் முதலில் வெடிக்கும். இடுப்பு வலி உள்ளவர் முதுகை ஒட்டி உட்கார மாட்டார். அவர் சீட்டில் முதுகுப் பகுதி புதிதாகவே இருக்கும், முன்விளிம்பு மட்டும் நைந்திருக்கும். டிரைவர் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும்போதே அவரைப் பற்றி மாதேஸ்வரிக்குப் பாதி தெரிந்துவிடும். ஓசூருக்கு அடுத்து, கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டி, பஞ்சர் கடைக்கும் கன்னடப் பலகை தொங்கும் ஓட்டலுக்கும் நடுவில் அவருடைய கடை. முன்பக்கம் சீட் உறைகள் தொங்கும். பின்பக்க மேசையில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வேறொரு வேலை நடக்கும்.

அன்று மேசையில் கிடந்தது கிரிவஜ்ரனின் உடை. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழிகளில் வரும் தொடர் அது. மலைக்குள்ளிருந்து பலம் பெற்ற ஒருவன், முகமூடி போட்டுக்கொண்டு கெட்டவர்களை அடிப்பான். பிள்ளைகளுக்கு அவன் வெறும் வஜ்ரன். ஆறு சீசன் முடிந்து ஏழாவது தொடங்கவிருந்தது. புது உடைக்கு மாதிரி எடுக்கத்தான் பழையதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

உடைப் பொறுப்பாளர் ஹரீஷ்குமார் பெங்களூரிலிருந்து போனில் விவரம் சொல்லியிருந்தார். புது இயக்குநர் வந்திருக்கிறார். சின்ன வயதில் முதல் சீசனை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு அந்தப் பழைய வஜ்ரன்தான் வேண்டும்: ஒல்லியாக, துள்ளிக் குதிக்கிறவனாக. ஆகவே உடையும் முதல் சீசன் அளவில் இருக்க வேண்டும். அந்த உடைக்குள் முனிவேல் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் பெங்களூரில் ஓர் ஆள் தயாராக இருக்கிறார்.

முனிவேலைத் தொடரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் வஜ்ரன் குதிக்கும்போதும் அடிக்கும்போதும் உருளும்போதும் உள்ளே இருப்பவர் அவர்தான். முகம் காட்டும் நடிகர்கள் மாறினார்கள், சண்டைக்காரர் மாறவில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். கிரானைட் குவாரியில் வேலை செய்துகொண்டிருந்தவர், படப்பிடிப்புக்கு வந்த சண்டைப் பயிற்சியாளர் கண்ணில் பாறையிலிருந்து பாறைக்குத் தாவிக்கொண்டிருக்கும்போது பட்டார். ஏழாவது சீசனில் அவர் இருப்பாரா இல்லையா என்பதை மாதேஸ்வரியின் கத்தரிக்கோல் தீர்மானிக்க வேண்டியதாகிவிட்டது.

மாதேஸ்வரியின் சொந்த ஊர் ஊத்தங்கரைக்குப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே ஓசூருக்கு வந்து கார் சீட் தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்தது தலைசாய்க்கும் திண்டின் ஓரத்தையல் ஒன்றுதான். காலையில் உட்கார்ந்தால் ஷிஃப்ட் முடியும்வரை அதே ஓரம். அதற்கு முன் யார் என்ன தைத்தார்கள், அதற்குப் பின் என்ன ஆகிறது என்று சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. கழித்துப் போட்ட உறைகளைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் பார்த்தார். எது முதல் தையல், எது மூடும் தையல், எங்கே துணியை இழுத்திருக்கிறார்கள், எங்கே விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிரிக்கப் பிரிக்கத் தெரிந்தது. பிரிக்காமல் எதையும் நம்புவதில்லை என்ற பழக்கம் அப்போது வந்தது.

கணவர் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர்; சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் மிஷின் ஓட்டுகிறார். மாதேஸ்வரி தொடர் பார்க்கும் விதத்தைக் கண்டு அவர் ஆரம்பத்திலிருந்தே கேலி பேசுவார். "ஊரே வஜ்ரன் மூஞ்சியப் பாக்கு. நீ ஒருத்திதான் அவன் முட்டியப் பாத்துக்கிட்டு இருக்க."

அது உண்மைதான். தன் தையல் திரையில் எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் மாதேஸ்வரி தொடர் பார்க்கத் தொடங்கினார். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான், ஒரு தொடர் எப்படி வளர்கிறது என்பதில் அவருக்கு ஆர்வம் வந்தது.

முதல் சீசனில் அவர் உடை தைக்கவில்லை. கிருஷ்ணகிரி போகிற வழியில் கைவிட்ட குவாரியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வஜ்ரனின் கால்சட்டை தினமும் தொடை நடுவில் கிழிந்தது. படப்பிடிப்பு வேனுக்குச் சீட் தைக்க வந்த டிரைவர் இதைச் சொல்லிச் சிரித்தார். மறுநாள், அப்போது உதவியாளராக இருந்த ஹரீஷ்குமார், கிழிந்த கால்சட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு கூச்சத்தோடு வந்து நின்றார். மாதேஸ்வரி யாருடையது என்று கேட்கவில்லை. போடுகிறவர் உட்காருவாரா, குதிப்பாரா என்று மட்டும் கேட்டார். குதிப்பார் என்றதும் லாரி சீட்டுக்கு வைத்திருந்த மெரூன் ரெக்சினில் ஒட்டு வைத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அது கிழியவில்லை. கறுப்பு உடையில் மெரூன் ஒட்டு திரையில் எடுப்பாகத் தெரிந்ததால் வஜ்ரனின் நிறமே மெரூன் ஆயிற்று.

இரண்டாம் சீசனுக்கு முழு உடையும் அவரிடம் வந்தது. சீட் உறையை ஃபோமைவிடச் சின்னதாகத்தான் வெட்ட வேண்டும். இழுத்து மாட்டினால்தான் சுருக்கம் இல்லாமல் நிற்கும். அந்தக் கணக்கிலேயே முனிவேலின் உடம்புக்கும் வெட்டிவிட்டார். மாட்டிக்கொண்டு வெளியே வந்த முனிவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா," என்றார் மெதுவாக. "நான் ஃபோம் இல்லக்கா."

அதைப் பிரித்துத் தளர்த்தினார். இருந்தாலும் ரெக்சின் ரெக்சின்தான். வெயிலில் கனத்தது, முழங்காலில் மடங்க மறுத்தது. அந்த சீசனைப் பார்க்க உட்கார்ந்தபோது மாதேஸ்வரிக்கு ஆச்சரியம். முதல் சீசனில் ஓடி ஓடி அடித்த வஜ்ரன் இப்போது ஓடவில்லை. கால்களை அகட்டி வைத்து, அவசரமில்லாமல் நடந்து வந்தான். கெட்டவர்கள்தான் அவனிடம் ஓடிவந்து அடி வாங்கினார்கள். இந்த நடை நல்ல ஸ்டைல் என்று முனிவேலிடம் சொன்னபோது, முட்டி மடங்காமல் பட்ட பாடு தனக்குத்தான் தெரியும் என்றார் அவர். அந்த வருடம் மூன்று மாநிலத்துப் பிள்ளைகளும் அப்படி நடந்தார்கள். ஓசூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையே அப்படி நடந்து வந்ததை மாதேஸ்வரி கண்ணால் பார்த்தார். கதை எழுதிய பிறகு உடை தைப்பார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். சில சமயம் உடை முன்னால் போய்விடுகிறது, கதை பின்னால் வருகிறது.

மூன்றாம் சீசனில் இது இன்னும் தெளிவானது. அதற்கு அவர் செய்த தப்புதான் காரணம்.

அதுவரை பழைய உடையைப் பிரித்து அதன்படியே புதியதை வெட்டியிருந்தார். மூன்றாவதற்கு முதன்முறையாக ஒரு படம் வரைந்து அனுப்பினார்கள். வஜ்ரன் நம்மைப் பார்த்து நிற்கிற படம். அவனுடைய இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே தங்கநிறப் பட்டை போகும். தாளில் பார்த்தால் அந்தத் தோள் வலது பக்கம் இருந்தது. மாதேஸ்வரிக்கு வந்த சீட் படங்கள் எல்லாமே உட்கார்ந்திருப்பவரின் பார்வையில் வரைந்தவை. தாளின் வலது என்றால் டிரைவர் பக்கம், இடது என்றால் கிளீனர் பக்கம். சீட்டுக்கு முகம் கிடையாது, அது யாரையும் திரும்பிப் பார்க்காது. ஆகவே அவர் பழக்கப்படி சாக்பீஸால் ‘டிரைவர்’ என்று எழுதி, பட்டையை வஜ்ரனின் வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டார்.

யாரும் கவனிக்கவில்லை. குவாரியில் பெரிய சண்டையைப் படம் பிடித்து முடித்து, அனுமதி தீர்ந்து, ஆட்கள் கலைந்த பிறகு, எடிட்டர் அந்தப் படத்தை வைத்து முன்பே வெளியிட்ட விளம்பரத்தோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் பட்டை தோள் மாறியிருப்பது தெரிந்தது. திரும்ப எடுக்க வழியில்லை. எழுதுகிறவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அந்தச் சண்டையில் இருப்பவன் வஜ்ரன் இல்லை, மலையின் மறுபக்கத்திலிருந்து வந்த இன்னொருவன் என்று முடிவு செய்தார்கள். யார் உண்மையான வஜ்ரன் என்பதே அந்த சீசன் முழுவதும் கதையாயிற்று. அதுவரை வாரத்துக்கு ஒரு கெட்டவன் வருவான், மணல் திருடுவான் அல்லது ஏரியில் விஷம் கலப்பான், கடைசியில் போலீஸ் ஜீப் வரும். அந்த வருடம் முதன்முறையாக ஒரு வாரத்துக் கதை அடுத்த வாரத்துக்குப் போனது. ஜனங்கள் விடாமல் பார்த்தார்கள். மாதேஸ்வரி மட்டும் முதல் வாரம் திரையைப் பார்த்து விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஹரீஷ்குமார் போன் செய்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

"மேடம், அடுத்த சீசனுக்கு என்ன தப்பு செய்யறீங்கன்னு ரைட்டர்ஸ் கேக்கறாங்க," என்றார் அவர்.

பிறகு தொடர் டி.வி.யிலிருந்து போனுக்கு மாறியது. பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர்கள் பார்க்கிற தொடர் ஆயிற்று. ரத்தம் வந்தது. கெட்டவனுக்கும் ஒரு தாய் இருந்தாள், அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஒவ்வொரு பகுதியும் பாதிப் பேச்சில் நின்றது. பாதியில் விட்டுவிட்டானுவ என்று சுடலைமுத்து முணுமுணுக்கும்போதே அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடும். அந்த நான்காம் சீசனுக்குப் புது உடையைப் பழசாக்கித் தரச் சொன்னார்கள். மாதேஸ்வரியால் முடியவில்லை. உப்புத்தாளைக் கையில் எடுத்துத் தைத்த ரெக்சினின் மேல் வைத்தார், தேய்க்க மனம் வரவில்லை. கடைசியில் முனிவேல்தான் அதை வாங்கிக்கொண்டு போய்க் குவாரிப் பாறையில் துணி துவைக்கிற மாதிரி அடித்துக் கொண்டுவந்தார்.

ஐந்தாவதில் நடிகர் தன் முகம் தெரிய வேண்டும் என்றார். முகமூடியின் கீழ்ப்பாதியை வெட்டி எடுத்தார்கள். அதுவரை வாய் மூடியிருந்ததால் எந்த மொழியிலும் யாரும் குரல் கொடுக்க முடிந்தது. இப்போது உதடு தெரிந்தது, மூன்று மொழியும் ஒரே உதட்டுக்குப் பொருந்தவில்லை. அதனால் வஜ்ரனின் வசனத்தைக் குறைத்தார்கள். அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மௌனமாக நிற்பவன் ஆனான். பாத்திரத்துக்கு ஆழம் வந்துவிட்டது என்று பார்த்த ஜனங்கள் போனில் எழுதினார்கள். அடுத்த சீசனில் அந்த நடிகர் போய் வேறொருவர் வந்தபோது, அதே ஜனங்கள் கொஞ்ச நாள் சண்டை போட்டுவிட்டுப் பழகிக்கொண்டார்கள்.

ஆறாவது, நோய்க்காலம் முடிந்த பிறகு எடுத்தது. வஜ்ரன் பறக்கத் தொடங்கியிருந்தான். முனிவேலைக் கயிற்றில் தொங்கவிட்டுப் படம் பிடித்தார்கள். கயிற்றைக் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். இப்போது மேசையில் பிரிந்து கிடந்தது அந்த உடைதான்.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் முனிவேல் வந்தார். கையில் ஒரு பை அவரைக்காய்; தன் தோட்டத்தில் யானை விட்டுவைத்தது இவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். மாதேஸ்வரி டேப் வைத்து அளந்தார். முதல் சீசன் அளவுக்கு இடுப்பு நிறையவே கூடியிருந்தது. முனிவேல் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். பக்கத் தையலுக்குள் ரெண்டு விரல் துணியை மடித்து வைத்து, அக்குளுக்குக் கீழே எலாஸ்டிக் பட்டை கொடுத்துவிட்டால் வெளியே தெரியாது அல்லவா என்று கேட்டார். செய்யலாம் என்றார் மாதேஸ்வரி. முனிவேலின் முகம் தெளிந்தது. பெங்களூர் ஆளைப் பற்றிச் சிரித்துப் பேசினார். அந்த ஆளுக்கு உடம்பெல்லாம் கட்டுக்கட்டாக இருக்கிறதாம், ஆனால் பாறையில் செருப்பில்லாமல் நிற்கச் சொன்னால் கோழி மாதிரி ஒற்றைக்காலைத் தூக்குகிறாராம்.

மாதேஸ்வரி சிரிக்கவில்லை. பழைய உடையின் இரண்டு கால் துண்டுகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது எப்ப?" என்று கேட்டார்.

"எது?"

"வலது கால். எறங்கறது, மண்டி போடறது, எல்லாம் இடதுலயே செஞ்சிருக்கற. வலது முட்டி தரையையே தொடல."

முனிவேல் உரிந்த முழங்காலை விரலால் தடவினார். 

"போன சீசன் கடைசிப் பகுதியத்தான் மொத நாளே எடுத்தாங்க," என்றார். "கயிறு ஒரு பக்கம் லூசாயிருச்சுக்கா. ஷூட்டிங் ஷெட்டு உத்தரத்துலருந்து விழுந்தன். என்னான்னா, ஷாட்டு நல்லா வந்திருச்சு. எல்லாரும் கைதட்டிக்கினு இருந்தாங்க. நானும் எந்திரிச்சு நின்னுட்டன்."

"டாக்டர்கிட்டப் போனியா?"

"எண்ணெ போட்டன். வீட்டுல மோட்டார் ரூம் படியில வழுக்கிட்டன்னு சொல்லியிருக்கறன்."

"ஹரீஷ் சாருக்கு?"

"யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே அந்த பெங்களூர்க்காரனக் கூட்டியாந்திருப்பாங்க."

ஏழாம் சீசனின் முதல் காட்சி என்ன என்று மாதேஸ்வரிக்குத் தெரியும். ஹரீஷ்குமார் சொல்லியிருந்தார். புது இயக்குநருக்கு கம்ப்யூட்டர் பிடிக்காது. வஜ்ரன் குவாரியின் மேல்தட்டிலிருந்து நிஜமாகவே கீழே குதிக்க வேண்டும். கயிறு கிடையாது, மணல் மெத்தை மட்டும்.

"உன் இடுப்புக்கு ரெண்டு விரல் விடறன்," என்றார் மாதேஸ்வரி. "அத மறைக்கறது என் வேலை. இந்தக் காலை மறைக்க மாட்டன்."

"அக்கா, நீ சொல்லாத இருந்தா போதும்."

"நான் சொல்ல மாட்டன். நீதான் சொல்லணும். சொன்னா உன் அளவுக்கு வெட்டறன். சொல்லலன்னா அவங்க குடுத்த அளவுக்கு வெட்டறன்."

"அந்த அளவுல நான் எங்க போவன்?"

"போக மாட்ட."

முனிவேல் எழுந்தார். இத்தனை வருஷம் இந்த உடம்பை அளந்தவளே வெளியே தள்ளுகிறாயே என்று கேட்டார். குரல் உயரவில்லை. வாங்கி வைத்த டீயைத் தொடாமல், சாலையைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். அப்போது மாதேஸ்வரி கவனித்துப் பார்த்ததால் தெரிந்தது: நடுத்திட்டில் ஏறும்போது இடது காலைத்தான் முதலில் வைத்தார்.

மாலையில் மாதேஸ்வரி கணவரின் போனில் ஆறாம் சீசனின் கடைசிப் பகுதியைத் தேடி எடுத்தார். விழுகிற காட்சி அதிலேயே இருந்தது. வஜ்ரன் வானத்திலிருந்து விழுந்து, தூசிக்குள் கிடந்து, மெல்ல எழுந்து நிற்பான். அந்த சீசன் முடிவதே அங்கேதான். அதை வெளிவந்த அன்றே பார்த்திருக்கிறார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் தொடைத் தையல் விடவில்லை என்று அப்போது சந்தோஷப்பட்டது நினைவிருந்தது. இப்போது தையலைப் பார்க்கவில்லை. வலது கால் எப்படித் தரையில் படுகிறது என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

துணி தைத்துக் கொடு என்றால் தைத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு டாக்டர் வேலை எதற்கு என்றார் சுடலைமுத்து. முனிவேலுக்கு இந்த வேலை போனால் மறுபடி குவாரிக்குத்தான் போவார், அந்தக் காலை வைத்துக்கொண்டு அங்கே மட்டும் என்ன செய்வார் என்றும் கேட்டார்.  மாதேஸ்வரி போனை அவர் பக்கம் திருப்பி, விழுகிற இடத்தைக் காட்டினார். சுடலைமுத்து மிஷினில் ஆட்கள் அடிபட்டுப் பார்த்தவர். ஒரு தடவைதான் பார்த்தார்.

"குதிக்க விடாதட்டி," என்றார்.

புதன்கிழமை துணி வந்தது. ரெக்சின் இல்லை, நாலு பக்கமும் இழுபடும் புதுத் துணி. ஓர் உடைக்குச் சரியாக இருந்தது. மாதேஸ்வரி அதை மேசையில் விரித்தார். மேலே பழுப்புத்தாள் மாதிரியை வைத்தார். அந்தத் தாளில் சீசனுக்கு ஒரு கோடாக முனிவேலின் இடுப்பு வெளியே வெளியே போயிருந்தது. கத்தரியை எடுக்கவில்லை. முன்கடையில் ஒரு டிப்பருக்கு உறை மாட்டினார், ஒரு பள்ளி வேனுக்கு ஜிப் மாற்றினார். அவர்கள் கொடுத்த அளவுக்கு வெட்டுவது சுலபம். வெட்டிய பிறகு ஒட்டுப் போட முடியாத துணி அது. ஹரீஷ்குமார் போன் செய்தபோது, வெட்டுவதற்கு முன் ஒரு சந்தேகம் இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். கால் விஷயத்தைச் சொல்ல வேண்டியவர் முனிவேல்தான்.

வியாழக்கிழமை மாலை படப்பிடிப்பு வேன் கடை முன்னால் வந்து நின்றது. ஹரீஷ்குமார் முதலில் இறங்கினார், அவருக்குப் பின்னால் முனிவேல். வலது முழங்காலில் வெள்ளைக் கட்டு. முனிவேல் மாதேஸ்வரியைப் பார்க்காமல், பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

நடந்ததை ஹரீஷ்குமார் சொன்னார். முனிவேல் காலையில் ஷெட்டுக்கு வந்து இயக்குநர் முன்னாலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஓசூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது. குதித்திருந்தால் கால் மடங்கிப்போயிருக்கும் என்றாராம் டாக்டர். இயக்குநர் வருத்தப்பட்டார், ஆனால் வஜ்ரன் என்றால் ஒரே உடம்பு, பெங்களூர் ஆளே முழுக்கச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார். மதியமே ஒத்திகை வைத்தார்கள். அந்த ஆள் அருமையாகக் குதித்தார். சண்டை ஆரம்பித்ததும் சிக்கல். சண்டைக்காரர்கள் வருடக்கணக்காக முனிவேலின் கைக்குப் பழகியவர்கள். எந்தக் கை எப்போது வரும், எங்கே நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். புது ஆளின் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. இரண்டு பேருக்கு நிஜமாகவே மூக்கில் விழுந்தது. மூன்றாவது ஆள் முன்னால் வர மறுத்து, முனிவேல் நின்றால்தான் வருவேன் என்று தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"அதனால குதிக்கறது, ஏறறது எல்லாம் அவரு," என்றார் ஹரீஷ்குமார். "நின்னு அடிக்கறது, நடக்கறது முனிவேல். கால் ஆறின பிறகு. அதுவரைக்கும் ஷெட்யூல தள்ளிட்டோம். ஆனா மேடம், திரையில ஒரே ஆளாத் தெரியணும். டைரக்டர் கேட்ட மாதிரி ஒல்லியாவும் தெரியணும். முடியுமா?"

"இன்னொரு உடைக்குத் துணி அனுப்புங்க சார்."

முனிவேல் அப்போதுதான் வாய் திறந்தார். "பாதி வஜ்ரன்," என்றார் யாரிடமும் சொல்லாத மாதிரி.

மாதேஸ்வரி டேப்பை எடுத்து அவர் எதிரில் போய் நின்றார். "எந்திரி. கட்டோட அளக்கணும்," என்றார். சற்றுக் கழித்து முனிவேல் எழுந்து கைகளை விரித்தார்.

இரண்டு உடம்பை ஒன்றாகக் காட்டுவது எப்படி என்று அதன்பின் பல நாள் மாதேஸ்வரிக்கு அதே யோசனை. அகலமானவரை இறுக்கினால் சுருக்கம் காட்டிக்கொடுக்கும். ஒல்லியானவருக்குத் திண்டு வைத்தால் குதிக்கும்போது நகரும். தொடரின் பழைய பகுதிகளை ஒலியை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். கண் உடம்பை அளப்பதில்லை என்று அப்போது பிடிபட்டது. முன்பக்கத்து மெரூன் துண்டின் ஓரத்தைத்தான் உடம்பின் ஓரம் என்று கண் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இருவருக்கும் மெரூன் துண்டை ஒரே அகலத்தில் வெட்டினார். முனிவேலிடம் மிச்சமிருக்கும் உடம்பு முழுவதையும் பக்கத்திலிருந்து முதுகுக்குப் போகும் கறுப்புத் துண்டுக்குள் தள்ளினார். பக்கத் தையல் விலாவிலிருந்து நகர்ந்து முன்னால் வந்தது. உயரம் வேறு என்பதால் இடுப்புப் பட்டையை அங்குலக் கணக்கில் வைக்காமல், தோளிலிருந்து முட்டிவரை உள்ள நீளத்தில் இருவருக்கும் ஒரே பங்கில் வைத்தார். ஒன்றைத் தைத்து முடித்து அதன்படி மற்றதைத் தைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே, இதில் ஒரு தையல் அதில் ஒரு தையல் என்று கொண்டுபோனார். பெங்களூர் ஆள் அளவு கொடுக்க வந்தபோது மாதேஸ்வரியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நின்றார். முனிவேல் பழித்த அளவுக்கு மோசமான ஆள் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஒப்படைக்கும் நாளன்று உடைகளை ஷெட்டுக்கு எடுத்துப்போனார். இரண்டையும் ஒரு கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். ஹரீஷ்குமார் முன்னால் நின்று பார்த்தார், நாலடி பின்னால் போய்ப் பார்த்தார், போனில் படம் எடுத்துப் பார்த்தார். எது யாருடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கழுத்துக்கு உள்பக்கம் அடையாளம் இருக்கிறது என்றார் மாதேஸ்வரி. பார்க்காமலேயே இடப்பக்கம் இருந்ததைக் கம்பியிலிருந்து எடுத்தார்.

முனிவேல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். கட்டு அவிழ்த்திருந்தார்கள்.

"கால் எப்பிடி?"

"பிசியோவுக்கு வரச்சொல்றாங்க. மடக்கச் சொல்லி உயிர வாங்கறாங்க."

"மடக்கு. முட்டியில தளர்வு வெச்சிருக்கறன்."

முனிவேல் இரண்டு கையையும் நீட்டினார். மாதேஸ்வரி உடையை அவற்றின் மேல் வைத்தார்.